கைப்பிடி அரிசி

செங்கல்பட்டு
4.1.2025

கர்த்தருக்குள் பிரியமான தம்பி கிருபாகரனுக்கு,

அக்கா ரெஜினா எழுதுவது. இங்கே நான் சுகம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீயும் மேபலும் சுகமா? கடற்காற்றில் உன் இருமல் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் போதாதா என்பாள் மேபல். என் காதுக்குப் போனில் கொசு பறக்கிற சத்தம்தான் கேட்கிறது. இந்தக் காதுக்குக் கடிதம்தான் சரி.

டப்பாவைச் சரவணகுமார் கையில் கொடுத்துவிட்டேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை மீன் வண்டியை நம் வாசலில் நிறுத்தி ஹாரன் அடிக்கிறான். அது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்கிறது. எதிர்வீட்டு அம்சா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இன்னாக்கா, மாசா மாசம் தம்பிக்கு அரிசி அனுப்பிகினே கீறியே, கடப்பாக்கத்துல அரிசியே கெடைக்காதா?" என்று காதருகில் வந்து கேட்டாள். முருகன் கோயிலுக்குப் போகிறவள், அவளுக்கு எப்படித் தெரியும்? உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்து, ஊழியக்காரர் பெயரைச் சொல்லி ஜெபித்து டப்பாவில் போடுவது எங்கள் அம்மா வைத்த வழக்கம் என்றேன். முன்பு சபைக்குப் போதகராக வந்த ஐயர்மார் பெயர், நீ குருப்பட்டம் வாங்கிய நாளிலிருந்து உன் பெயர். "அப்ப இந்த டப்பா முழுக்க ஜெபமா?" என்று தூக்கிப் பார்த்தாள். ஆமாம் என்றேன்.

மகள் ஜெயப்பிரியா மஸ்கட்டில் சுகமாயிருக்கிறாள். நெத்திலிக் கருவாடு இருந்தால் டப்பா திரும்பும்போது கொஞ்சம் அனுப்பு.

உன் ஊழியத்துக்காகத் தினமும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா ரெஜினா

---

கடப்பாக்கம்
19.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கிருபாகரன் வணக்கத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இருவரும் சுகம். இருமல் இருக்கிறது, ஆனால் பிரசங்க நேரத்தில் மட்டும் அடங்கிக்கொள்கிறது. உன் முழங்காலுக்கு மேபல் தைலம் வாங்கி வைத்திருக்கிறாள்.

டப்பா வந்தது. இந்த மூன்று வருஷமாக நீ அனுப்பும் அரிசி வெகு நன்றாக வேகிறது என்று மேபல் எழுதச் சொன்னாள். முன்பெல்லாம் பாதி குழையும், பாதி விதைவிதையாக நிற்கும். ஒரே பானைக்குள் மாமியாரும் மருமகளும் என்று முனகிக்கொண்டே வடிப்பாள். இப்போது பருக்கை பருக்கையாக உதிர்கிறது.

ஆராதனைக்குப் போன வருஷம் எழுபது பேர் வந்தார்கள். இப்போது நாற்பது. மாமல்லபுரத்தில் ஒரு மண்டபத்தில் ஒருவர் கூட்டம் நடத்துகிறாராம். பேர் சொல்லிக் கூப்பிட்டு, இன்ன தேதிக்குள் உனக்கு வேலை வரும், பிள்ளை பிறக்கும் என்று சொல்லிவிடுகிறாராம். வேன் வைத்துப் போகிறார்கள். போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

பிரசங்கம் எழுத உட்கார்ந்தால் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறேன். எனக்காக ஜெபி, அக்கா. சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை.

தம்பி கிருபாகரன்

---

செங்கல்பட்டு
1.2.2025

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். தைலம் பூசினேன். வீடு முழுக்க நாறுகிறதே தவிர முழங்காலுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை என்று மேபலிடம் சொல்.

அரிசி நன்றாக வேகிறதென்றால் சந்தோஷம். பொன்னி அரிசி. கடைக்காரர் நல்லவர்.

எழுபது நாற்பது என்று தலையை எண்ணிக்கொண்டிருக்காதே. நம் அம்மா பதினோரு பேர் வந்த சபையில் ஞானப்பாட்டு பாடினவள், அவள் தொண்டைக்கு அந்தப் பதினோரு பேர் தாராளம். ஒழுங்காகச் சாப்பிடு. பேனாவைத் திறந்தால் எழுது.

வருகிற ஆறாம் தேதியோடு அவர் போய் மூன்று வருஷம். அப்பா கல்லறையில் பூ வைக்கச் சொல்லி ஜெயப்பிரியா எழுதியிருக்கிறாள். நீ வரவேண்டாம். உனக்கு வேலை இருக்கும்.

தினமும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா ரெஜினா

---

கடப்பாக்கம்
17.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாயிருப்பாய் என்று நம்புகிறேன். ஆறாம் தேதி வரவில்லை. வரவேண்டாம் என்றாய், அதனால் வரவில்லை. மாமாவுக்காக இங்கே ஒரு மெழுகுவர்த்தி வைத்தேன்.

போன திங்கட்கிழமை தெய்வநாயகியின் மகன் போன ஃபைபர் படகு திரும்பவில்லை. அந்த அம்மாவை உனக்குத் தெரியும், போன தடவை உனக்கு வாளை மீன் பொரித்துக் கொடுத்தவள். கரையில் ஊரே நின்றது. அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சொல்லு ஐயா, எம்புள்ள வந்துடுவான்னு உன் வாயால சொல்லு. நீ சொன்னா கர்த்தர் கேப்பாரு" என்றாள். நூறு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தெரியாதும்மா" என்றேன். "தெரியாது. உன்கூட நிக்கிறேன்" என்றேன்.

நான்காம் நாள் புதுப்பட்டினம் பக்கம் ஒதுங்கினான். அடக்கத்துக்கு நான்தான் போனேன். அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவள் அண்ணன் எல்லார் முன்னாலும், "ஐயரு விசுவாசமா ஒரு வார்த்த சொல்லியிருந்தா புள்ள வந்திருப்பான்" என்றான். ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை. என்னை மாற்றச் சொல்லிச் சபைக் கமிட்டிக்கு மனு எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்களாம்.

மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. ஜெபி.

கிருபாகரன்

---

செங்கல்பட்டு
1.3.2025

பிரியமான தம்பிக்கு,

நான் சுகம். சரவணகுமாரும் விவரம் சொன்னான். அந்தப் பெண்ணை நினைத்தால் வயிறு எரிகிறது. டப்பா அனுப்பியிருக்கிறேன்.

"தெரியாது" என்று நீ சொன்னதைப் படித்தேன். இரண்டாம் தடவையும் படித்தேன். அந்த வார்த்தை உன்னிடம் எப்போதிலிருந்து இருக்கிறது?

உடம்பைப் பார்த்துக்கொள். ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா

---

கடப்பாக்கம்
9.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கிறேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

ஒரு காரியம் சொல்கிறேன், சிரிக்காதே. ஞாயிறு ஆராதனையில் பொது ஜெபம் நான்தான் நடத்துகிறேன். நோயாளிகளுக்காக, கடலுக்குப் போகிறவர்களுக்காக, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக, நாட்டை ஆளுகிறவர்களுக்காக என்று ஒவ்வொன்றாகச் சொல்லுவேன். சபையார் "கர்த்தாவே, கேட்டருளும்" என்பார்கள். அதில் "எங்கள் ஊழியருக்காக" என்று ஒரு வரி உண்டு. பிப்ரவரி முதல் ஞாயிறு அதை வேண்டுமென்றே விட்டேன். யாராவது கேட்பார்களா என்று பார்க்கத்தான். ஐந்து ஞாயிறு விட்டுவிட்டேன். ஒருவரும் கேட்கவில்லை. நடுவில் ஒரு வாரம் அறிவிப்பில் ஒரு கல்யாணத்தைச் சொல்ல மறந்துபோனேன். அன்று மதியமே நாலு பேர் வீட்டுக்கு வந்து சண்டை பிடித்தார்கள். மேபல் அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

என் கஷ்டம் இதுதான். நான் ஜெபிக்க முடியாமல் இருக்கிறேன், அக்கா. முழங்காலில் நின்றால் வெறும் சுவர்தான் இருக்கிறது. பிறருக்காகச் சொல்லுகிற வார்த்தை வாயிலிருந்து வருகிறது, அவ்வளவுதான். எனக்காக வேறு யாராவது கேட்டால்தான் உண்டு. அந்த வேறு யாராவது இந்த உலகத்தில் நீ ஒருத்திதான்.

நீ உண்மையில் எனக்காக ஜெபிக்கிறாயா? ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே வார்த்தை எழுது.

கிருபாகரன்

---

செங்கல்பட்டு
27.3.2025

கிருபா,

இல்லை.

இதை எழுத எனக்குப் பதினைந்து நாள் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் மேலே "கர்த்தருக்குள் பிரியமான" என்று எழுதி, அதற்குக் கீழே இதை எழுத முடியாமல் கிழித்துப் போட்டேன்.

ஆஸ்பத்திரியில் அவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது நீ வந்தாய். நெற்றியில் கை வைத்தாய். எல்லார் முன்னிலும், "மாமா ஈஸ்டருக்கு வீட்டில் இருப்பார், ஆண்டவர் எனக்குக் காட்டிவிட்டார்" என்றாய். டாக்டர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை, ஏனென்றால் நீ சொல்லிவிட்டாய். மஸ்கட்டிலிருந்து ஜெயப்பிரியா அழுதுகொண்டு, "நான் வரட்டுமாம்மா" என்று கேட்டாள். வேண்டாம், உன் கிருபா மாமா சொல்லிவிட்டான், ஈஸ்டருக்கு வா, அப்பாவோடு சாப்பிடலாம் என்றேன். மூன்றாம் நாள் அவர் போய்விட்டார். அவள் வந்து சேர்ந்தபோது பெட்டியை மூடியிருந்தார்கள். இன்றுவரை அவள் என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நீ மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் உன்னைக் கேட்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து முதல் தடவை உலை வைத்தேன். அரிசியில் கை வைத்தேன். உன் பெயர் வாயில் வரவில்லை. அன்றோடு சரி. மாதம் ஒருமுறை கடையில் பொன்னி வாங்கி, படியால் அளந்து டப்பாவில் கொட்டுகிறேன். மூன்று வருஷமாகக் கடிதத்தின் அடியில் எழுதியதெல்லாம் பொய். அம்சாவிடமும் பொய்தான் சொன்னேன்.

கடற்கரையில் நீ "தெரியாது" என்று சொன்னது எங்களுக்குச் செய்ததை நினைத்துத்தான் என்று எனக்குப் புரிகிறது. புரிந்ததாலே கோபம் போய்விடவில்லை. அந்த வார்த்தையை எங்களிடம் சொல்லியிருக்கக்கூடாதா என்றுதான் வருகிறது.

ரெஜினா

---

கடப்பாக்கம்
2.4.2025

அக்கா,

எனக்குத் தெரியும்.

மாமா அடக்கத்துக்குப் பிறகு வந்த முதல் டப்பாவிலேயே தெரிந்தது. உன் சமையலறை எனக்குத் தெரியாதா? வாரநாளில் பொன்னி, மாதக் கடைசியில் ரேஷன், ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குச் சீரகச் சம்பா. நாளுக்கு ஒரு பிடி எடுத்துச் சேர்ந்த டப்பா எப்படி ஒழுங்காக வேகும்? அது குழைந்தும் வேகாமலும் இருந்த வரையில் நீ என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாய். மேபல் முனகுவாள், எனக்கு அந்தச் சோறு போதும். ஒரே அரிசியாக வந்த அன்று மேபல் சந்தோஷப்பட்டாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன்னைக் கேட்க எனக்கு என்ன உரிமை?

மாமா விஷயம். ஆண்டவர் எனக்கு எதையும் காட்டவில்லை. எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள், நான் பயந்தேன். பயத்தில் சொன்னது. ஜெயப்பிரியாவிடம் இதை நானே எழுதுகிறேன். மன்னித்துவிடு என்று கேட்க மூன்று வருஷம் தாமதம்.

இனி அளந்து போட்ட அரிசி அனுப்பாதே. என்றைக்காவது உன் கையால் ஒரு பிடி போட முடிந்தால், அதை எனக்கு எழுதவும் வேண்டாம். டப்பா வரட்டும், வாய்க்கே தெரிந்துவிடும். நான் காத்திருக்கிறேன்.

தம்பி

---

கடப்பாக்கம்
18.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமாயிருக்க வேண்டும்.

ஏப்ரலில் டப்பா வரவில்லை. மே மாதமும் வரவில்லை. கடிதமும் இல்லை. எனக்குப் புரிகிறது. எந்த மனத்தாங்கலும் இல்லை. நீ இல்லை என்று எழுதியதே பெரிது. இந்த ஊரில் அதுகூட ஒருவரும் சொல்லவில்லை.

பெரிய வெள்ளியன்று சிலுவையின் ஏழு வார்த்தைகளில் நாலாவதை, "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பதை, தாண்ட முடியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு இறங்கினேன். ஐயாவுக்கு உடம்பு சரியில்லை என்று மேபல் சமாளித்தாள். மனுவில் முப்பத்தொரு கையெழுத்து. தெய்வநாயகி போடவில்லையாம். ஏன் என்று தெரியவில்லை, அவள் இப்போது கோயிலுக்கே வருவதில்லை.

ஜூன் எட்டாம் தேதி பெந்தெகொஸ்தே ஞாயிறு வரை பார்க்கிறேன். அதற்குமேல் என்னால் இயலாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கிருபாகரன்

---

செங்கல்பட்டு
17.6.2025

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

இந்த வார்த்தையை இன்று கிழிக்காமல் எழுதிவிட்டேன்.

நீ எழுதிய ஏப்ரல் கடிதமும் சரவணகுமாரும் ஒரே சனிக்கிழமை காலையில் வந்தார்கள். அவன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான், நான் உன் கடிதத்தோடு சமையலறையில் நிற்கிறேன். கடை அரிசி மூட்டை பக்கத்திலேயே இருந்தது. அதை இனி எப்படி அனுப்புவது? "இன்னாக்கா, டப்பா ரெடியா கீதா?" என்றான். இந்த மாதம் இல்லை, அடுத்த மாதம் வா என்று வெறும் கையோடு அனுப்பினேன். அன்று மத்தியானமே ஒரு பிடி எடுத்தேன். கிருபாகரன் என்று சொன்னேன். அதற்குமேல் ஒன்றும் சொல்ல வரவில்லை, அழுகைதான் வந்தது. மறுநாளும் அதுவேதான். ஒரு வாரம் கழித்துத்தான் அவனுக்குப் பெலன் கொடும் என்று கேட்க முடிந்தது.

அப்புறம் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டது. இரண்டு மாதம் விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் இல்லை, வண்டி இல்லை. இது எனக்கு முன்னமே உறைக்கவில்லை பார். உன் மே மாதக் கடிதம் வந்தபோது தபாலில் ஒரு வரி போட்டிருக்கலாம். மூன்று வருஷம் பொய் எழுதிய கை, மறுபடியும் "ஜெபிக்கிறேன்" என்று எழுதினால் நீ நம்புவாயா? எழுத வேண்டாம், டப்பா வரட்டும் என்று நீயும் சொல்லியிருந்தாய். பஸ் ஏறி நானே கொண்டுவந்திருக்கலாம். உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்று கூசியது. அரிசி போய்ச் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன்.

தடை முடிந்து இந்த வாரம் சரவணகுமார் வண்டி வரும். எழுபத்துமூன்று நாள். டப்பா நிறைந்து துணிப்பையிலும் கட்டியிருக்கிறேன். மேபல் திட்டப்போகிறாள். திட்டட்டும்.

உனக்காக ஜெபிக்கிறேன்.

அக்கா ரெஜினா

---

மாமல்லபுரம்
29.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். மேல்விலாசம் மாறியதைக் கவனித்திருப்பாய்.

பெந்தெகொஸ்தே அன்று ஆராதனை முடிந்ததும் ராஜினாமாவைக் கமிட்டியிடம் கொடுத்துவிட்டேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கியை மடித்து மேபலிடம் கொடுத்தேன். அந்த வாரமே வீட்டைக் காலி செய்தோம். உனக்கு எழுதவில்லை. எதற்கு எழுதுவது என்று விட்டுவிட்டேன்.

இங்கே ஒரு சிற்பப் பட்டறையில் வேலை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குப் பிள்ளையாரையும் புத்தரையும் இங்கிலீஷில் விளக்கிச் சொல்ல வேண்டும். முதலாளி அருணகிரி நல்ல மனுஷன். "இன்னா சார், நீங்க பேசுனா நாள் பூரா கேட்டுகினே இருக்கலாம்" என்கிறார். ஆராதனைக்குப் போவதில்லை. வேதத்தை மேபல் எடுத்து வைத்திருக்கிறாள், நான் திறக்கவில்லை.

சரவணகுமார் தடைக்காலம் முழுக்க மாமியார் ஊரில் இருந்தவன், அவனுக்கு எதுவும் தெரியாது. பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு, விசாரித்துக்கொண்டு, போன ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து டப்பாவையும் பையையும் இறக்கினான். உன் கடிதம் பைக்குள் அரிசியில் புதைந்திருந்தது, அப்போது நாங்கள் பார்க்கவில்லை. மேபல் டப்பாவிலிருந்து அரிசி எடுத்து உலை வைத்தாள். வடித்துவிட்டு, "உங்க அக்காவுக்கு இன்னா ஆச்சு, நல்ல அரிசியா அனுப்பிகினு இருந்தவங்க. பாதி குழைஞ்சு பாதி நறுக்கு நறுக்குன்னு கீது" என்றாள். நான் தட்டை வாங்கி ஒரு வாய் வைத்தேன்.

மேபல் பயந்துபோனாள். தண்ணீர் கொடுத்தாள். எனக்கு விக்கல் இல்லை என்று சொல்ல நேரமாயிற்று.

உன் கடிதம் பிறகுதான் கிடைத்தது. எண்ணிப் பார்த்தேன், ராஜினாமா கொடுத்த அன்று அறுபத்தைந்தாம் நாள். அன்றைக்கும் நீ ஒரு பிடி போட்டிருப்பாய். என் பெயரை யாருமே சொல்லவில்லை என்று நான் படியிறங்கின நேரத்தில் நீ செங்கல்பட்டில் உலை வைத்துக்கொண்டிருந்திருப்பாய். இதை யாரிடம் போய்ச் சொல்லுவேன்? அந்த ஜெபம் கேட்கப்பட்டதா என்று நீ என்னைக் கேட்கக்கூடும். தெரியாது, அக்கா. எனக்கு மிஞ்சிய வார்த்தை அது ஒன்றுதான்.

தட்டில் ஒரு பருக்கை விடவில்லை. மீதி அரிசியையும் மேபல் தினமும் பொங்குகிறாள், முனகுவதில்லை. அந்த அரிசி தீர்ந்தால் தீர்ந்ததுதான். அது ஊழியக்காரனுக்கு எடுத்து வைக்கிற அரிசி. நான் இனி அந்த வேலைக்குத் திரும்பமாட்டேன், என்னிடம் எதுவும் இல்லை. என் பெயரில் இனி போடாதே.

டப்பாவைக் கழுவிக் காயவைத்துச் சரவணகுமாரிடம் கொடுத்திருக்கிறேன். முதல் சனிக்கிழமை உன்னிடம் வரும். அதை வெறுமனே வைத்துவிடாதே. அதற்கு மறுநாள் கடப்பாக்கத்தில் புது ஆயர் பொறுப்பு ஏற்கிறார். இரண்டு பெட்டியும் ஒரு கிட்டாரும் கொண்டு வந்து இறங்கியிருக்கிறாராம். யார் வீட்டிலாவது யாராவது சாகக்கிடப்பார்கள். எல்லாரும் அவர் வாயைப் பார்ப்பார்கள். அவருக்கு அக்கா இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது.

வயது இருபத்தேழு. பெயர் இனியன். பெயரைச் சொல்லிப் போடு.

தம்பி
கிருபாகரன்